கடைசி நிலாவுக்கு அப்பால் ஒரு கை

கைக்காரர் என்று பெயர் வந்த நாளிலிருந்து அந்த மனிதர் அரைக்கைச் சட்டை போட்டதில்லை. வெயில் மண்டையைப் பிளக்கட்டும், ரோட்டுத் தார் பாகாக உருகிச் செருப்பைப் பிடித்து இழுக்கட்டும், முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை இழுத்துப் பொத்தான் போட்டுக்கொண்டுதான் பட்டறையில் உட்கார்ந்திருப்பார்.

பட்டறை வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. ஆபீஸ்களில் உட்கார்ந்து உட்கார்ந்தே சாகடிக்கப்பட்ட சுழல் நாற்காலிகள் எல்லாம் கடைசி மூச்சுக்கு அங்கேதான் வந்து சேரும். சக்கரம் கழன்றது, முதுகு தொங்கியது, ஆள் ஏறி உட்கார்ந்ததும் பெருமூச்சு விட்டுத் தரைக்கு இறங்கிவிடுவது என்று மனிதர்களுக்கு உள்ள அத்தனை வியாதியும் நாற்காலிகளுக்கும் உண்டு. வைத்தியம் முடிந்ததும் கைக்காரரே ஏறி உட்கார்ந்து, காலால் ஓர் உந்து உந்தி, பம்பரமாகச் சுற்றிப் பார்ப்பார். தலை சுற்றினால் நாற்காலி தேறிவிட்டது என்று அர்த்தம். இதுவரை அவர் சுற்றிய சுற்றை நேராகப் பிரித்து நீட்டியிருந்தால் உலகத்தை வலம் வந்து, திரும்பி வந்து, ஆறிப்போன டீயையும் குடித்திருக்கலாம்.

பெயர் வந்த கதை இதுதான்.

மீசை முளைத்த புதிதில் அவர் டிவி நிலையம் ஒன்றில் செட் போடும் தச்சராக இருந்தார். குழந்தைகளுக்கு வாரம் ஒருமுறை ஒரு விண்வெளித் தொடர் வரும். நேரடி ஒளிபரப்பு, தும்மினால் தும்மினதுதான், அழிக்க முடியாது. அந்த நிலையத்தின் ராக்கெட் எது என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு தண்ணீர் பிளாஸ்க், அதன் அடியில் எண்ணெய் ஊற்றும் புனல்கள், மேலே வெள்ளிப் பெயின்ட். வானம் ஒரு கறுப்புத் துணி. அதில் ஊசியால் குத்தின ஓட்டைகள் நட்சத்திரங்கள், பின்னால் எரிகிற பல்பு மொத்தப் பிரபஞ்சத்துக்கும் வெளிச்சம். ராக்கெட்டை இரண்டு தூண்டில் நரம்பில் கட்டித் தொங்கவிட்டு, மேலே ஒரு பலகையில் குப்புறப் படுத்து ஆட்டுவது நம்மவர் வேலை.

ஒருநாள் நடு ஒளிபரப்பில் ஒரு நரம்பு அறுந்தது. ராக்கெட் தலைகீழாகத் தொங்கிக் கழுத்தறுத்த கோழி மாதிரி சுற்ற ஆரம்பித்தது. யோசிக்க நேரமில்லை. பலகையில் தொங்கிக்கொண்டு கையை நீட்டிவிட்டார். வீட்டுக்கு வீடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்தது என்ன? நட்சத்திரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு பெரிய கை இறங்குகிறது. சுருட்டிவிட்ட சட்டை, மணிக்கட்டில் கடிகாரம், முந்தின நாள் சுத்தியல் அடி பட்ட கட்டை விரலில் துணிக்கட்டு. அந்தக் கை ராக்கெட்டைப் பிடித்து நிமிர்த்தி வைக்கிறது. கேப்டனாக நடித்தவர் பேயறைந்த முகத்தோடு வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார்:

"பயப்படாதீங்க! யாரோ நம்மளைப் பிடிச்சுக்கிட்டாங்க!"

மறுநாள் ஊர் சிரித்த சிரிப்பில் கூரை ஓடுகள் நகர்ந்தன. அதிகாரி கூப்பிட்டு, "உன் கை எனக்கு வேண்டாம்" என்றார். அடுத்த வாரம் தொடரும் நின்றது. 'கைக்காரர்' என்ற பெயர் மட்டும் நிற்கவே இல்லை. வீடு மாறினாலும் மூட்டை முடிச்சோடு கூடவே வந்தது. கூப்பிடுகிறவர்களோடு சேர்ந்து அவரும் சிரிப்பார். பொத்தானை மட்டும் ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. மனைவிக்கு வாய் நீளம். அதை அளக்க டேப் பத்தாது. குறட்டை, வழுக்கை, டீ குடிக்கும் சத்தம் என்று அவருடைய ஒன்றையும் விட்டுவைக்க மாட்டாள். அந்தக் கையை மட்டும் தொட்டதே இல்லை.

மகளுக்குப் பல் ஆஸ்பத்திரியில் வேலை. பகலெல்லாம் ஊரார் வாய்க்குள் விளக்கடித்துக் குகை குகையாகப் பார்த்துவிட்டு, சாயங்காலம் வந்ததும் கைகழுவி விண்வெளிக்குக் கிளம்பிவிடுவாள். அது ஒரு வீடியோ கேம். சரக்குக் கப்பல் ஓட்டிக்கொண்டு கிரகம் கிரகமாகப் போகணும். சும்மா சொல்லக் கூடாது, அந்த விளையாட்டை உண்டாக்கினவர்கள் கடவுளிடம் சம்பளம் வாங்கியிருக்கணும். ஒரு கிரகத்திலிருந்து கிளம்பி அடுத்ததற்குப் போய்ச் சேருவதற்குள் அரிசி வெந்துவிடும். வளையம் போட்ட கிரகம் ஜன்னலில் எழும்போது, குழம்பு தாளித்துக்கொண்டிருக்கும் அம்மாகூடக் கரண்டியோடு வந்து வாய் பிளந்து நிற்பாள்.

அவ்வளவு பெரிய இருட்டுக்குள் அங்கங்கே குறும்பை ஒளித்து வைத்திருந்தார்கள். மனித வாடையே இல்லாத நிலாவில் பூட்டுப் போட்ட சைக்கிள் ஒன்று நிற்கும். ஒரு கிரகத்தில் ஒற்றைச் செருப்பு; அதன் ஜோடி கிடைக்கணும் என்றால் இன்னொரு சூரியனுக்குப் போகணும். எல்லைச் சாவடியில் இருக்கும் ரோபோ, பழைய டிவி வினாவிடை நிகழ்ச்சிக்காரர் குரலில் கேள்வி கேட்டு, தப்பாகச் சொன்னால் மணி அடித்துத் துரத்தும். சரக்குக் கப்பல்களின் ஹாரன் அந்தக் காலத்து ரேடியோ சோப்பு விளம்பரத்தின் மெட்டில் அலறும். இவற்றைத் தேடிப் பிடிப்பதே விளையாட்டுக்காரர்களுக்குப் பாதி வேலை.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம். கைக்காரரின் மைத்துனர் வந்திருந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். யார் எதை ஓட்டினாலும் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லாமல் இருக்க அவரால் முடியாது.

"லெஃப்ட்ல ஒடி, லெஃப்ட்ல ஒடி! பின்னாடி பாத்து ஒடி!"

"மாமா, பின்னாடி ஒண்ணுமே இல்ல. வெறும் வெட்டவெளி."

"அப்படித்தான் நினைப்போம். அங்கதான் ஒரு டூவீலர்காரன் நிப்பான்."

மகள் குரலைத் தாழ்த்தினாள். "மாமா, ஒண்ணு சொல்றேன். அப்பா காதுல விழக்கூடாது. இதுல கடைசி நிலாவைத் தாண்டி ஒரு கை இருக்காம்."

"கையா?"

"வானத்துல இருந்து வருமாம். பாத்தவங்க யாரும் அதைப் படம் பிடிச்சுப் போட மாட்டாங்க. விளையாடறவங்களுக்குள்ள அது ஒரு கட்டுப்பாடு, போய்த்தான் பாக்கணும்னு. எரிபொருள் தீர்ந்து, நிஜமாவே தொலைஞ்சுபோனாத்தான் வருமாம். ஒரே ஒரு விஷயம் மட்டும் வாய் தவறிச் சொல்லிட்டாங்க." அவள் தன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். "கட்டை விரல்ல துணி சுத்தியிருக்குமாம்."

மாடிப்படியில் 'டக்' என்று ஒரு சத்தம். ஒரு நாற்காலிச் சக்கரம் படி படியாகக் குதித்துக் கீழே போய்க்கொண்டிருந்தது. அது பட்டறை வாசல் வரை உருண்டு சாய்ந்து அடங்கியது. டீ கேட்க மேலே வந்த கைக்காரர் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"சிரிக்கிறாங்களா?" என்றார்.

"யாருப்பா?"

"அதைப் பாத்தவங்க. பாத்துட்டுச் சிரிக்கிறாங்களான்னு கேட்டேன்."

"தெரியலப்பா. அதை யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க."

அவர் சட்டைப் பொத்தானைத் தொட்டார். முன்பு சிரித்தது ஒரு ஊர். இப்போது உலகம் முழுக்க உட்கார்ந்து விளையாடுகிறது. "அப்ப போ. நான் பாக்கணும்."

"கை வரலைன்னா கப்பல் போயிடும்பா. வருஷக்கணக்கா ஓட்டிச் சேத்த கப்பல்."

அடுக்களையிலிருந்து மனைவி வந்து கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "போடி. கப்பல் போனா அப்பா நாலு சக்கரம் வச்சு வேற கப்பல் செஞ்சு குடுப்பாரு."

மகள் கிளம்பினாள். மைத்துனர் திரைச்சீலையை இழுத்து மூடினார். சூரியன் எலுமிச்சம்பழமாகி, மிளகாகி, கடுகாகிக் காணாமல் போயிற்று. கடைசி நிலா சாம்பல் உருண்டையாக வந்து, என்னைத் தாண்டியா போகிறீர்கள் என்று கேட்கிற மாதிரி நின்று, பின்னால் போயிற்று. அதற்கப்புறம் இருட்டு. சாதாரண இருட்டு இல்லை. கண்ணை மூடினால் அதைவிட வெளிச்சமாக இருக்கும். இவ்வளவு இடத்தை வைத்துக்கொண்டு கடவுள் ஏன் நமக்கு மட்டும் இந்த இரண்டு ரூம் வீட்டைக் கொடுத்தார் என்று மைத்துனருக்கே தோன்றியது; ஆனால் வாயைத் திறக்கப் பயமாக இருந்தது.

எரிபொருள் முள் கீழே விழுந்தது. கப்பல் ஒருபக்கமாகச் சாய்ந்து மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. பிறகு வேகமாக. மகள் எல்லாப் பொத்தானையும் அமுக்கினாள்.

"பிரேக்கைப் போடு!" மைத்துனருக்கு வாய் திறந்துவிட்டது.

"இதுல ஏது மாமா பிரேக்?"

"பிரேக் இல்லாத வண்டிக்கு எவன் லைசென்ஸ் குடுத்தான்?"

கை வரவில்லை. அவள் விரல்கள் பொத்தான்களில் தந்தி அடித்தன. கப்பலின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. "போச்சுப்பா," என்றாள் அழாத குறையாக.

கைக்காரர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆயுசு பூராவும் நாற்காலியில் சுற்றினவர் அவர். அந்த அறையில் தலை சுற்றாதவர் அவர் ஒருத்தர்தான்.

"விடு," என்றார்.

"என்னப்பா?"

"பொத்தானை விடும்மா. நரம்பு அறுந்த சாமானை உள்ள இருக்கறவங்க நிமித்த முடியாது. அடிச்சுக்க அடிச்சுக்க இன்னும் சுத்தும். மேல இருக்கறவன்தான் நிமித்தணும். அவன் பிடிக்கணும்னா நீ சும்மா இருக்கணும்."

அவள் கட்டுப்பாட்டுக் கருவியைத் தரையில் வைத்தாள். சமையலறைக் குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

முதலில் நட்சத்திரங்கள் மாறின. மினுக்குவதை நிறுத்திவிட்டு, ஊசி குத்தின ஓட்டைகளாக நின்றன. வானத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு தெரிந்தது.

"அது மடிப்பு," என்றார் கைக்காரர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நான் இஸ்திரி போட மறந்த மடிப்பு."

அப்புறம் இறங்கியது கை.

மலை இறங்குகிற மாதிரி இறங்கியது. கை ரேகைகள் ஆற்றுப் பள்ளத்தாக்குகளாகத் தெரிந்தன. சுருட்டிவிட்ட சட்டையின் ஒரு மடிப்புக்குள் ஒரு நிலாவையே ஒளித்துவைக்கலாம். கடிகாரக் கண்ணாடியில் நட்சத்திரங்கள் ஓடின. கட்டை விரலின் துணிக்கட்டில் ஒரு நூல் பிரிந்து, காற்றே இல்லாத இடத்தில் மெல்ல ஆடியது. அவ்வளவு பெரிய கை, கூட்டிலிருந்து விழுந்த குருவிக்குஞ்சைத் தொடுகிற மாதிரி இரண்டே விரலால் கப்பலைப் பிடித்தது. சுற்றல் நின்றது. மூக்கை வீட்டுப் பக்கம் திருப்பிவைத்தது. அணைந்த விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. திரையின் அடியில் ஒரு வரி வந்தது: யாரோ நம்மளைப் பிடிச்சுக்கிட்டாங்க.

யாரும் சிரிக்கவில்லை. வேன்காரர்கூட, கோயிலில் செருப்பைத் தேடுகிறவர் மாதிரி குனிந்துகொண்டிருந்தார், கண்ணைத் துடைக்கத்தான்.

"நடுங்குது பாரு," என்றார் கைக்காரர். உண்மைதான். அந்த மாபெரும் கை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. "பலகை எட்டல. பாதி உடம்பு அந்தரத்துல. விழுந்துடுவேன்னு பயம். அதைக்கூட விடாம வச்சிருக்கான்... எவனோ அன்னிக்குப் பாத்திருக்கான்."

மனைவி தொண்டையைச் செருமினாள். "நானும்தான் பாத்தேன். கல்யாணத்துக்கு முன்னாடி, பக்கத்து வீட்டு டிவில."

அவர் திரும்பினார். "சொன்னதே இல்லையே. சிரிச்சியா?"

"சிரிக்காம? வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன்." அவள் முந்தானையை இழுத்துக்கொண்டாள். "அதுக்கு முந்தின நிமிஷம்வரைக்கும் அழுதுக்கிட்டிருந்தேன். ராக்கெட்டுல இருக்கறவங்க செத்துடுவாங்கன்னு. அப்புறம் கை வந்துச்சு. அப்பாடான்னு ஒரு சிரிப்பு வருமே, அது."

"நான் மேசைக்கடியில போய்ப் படுத்துக்கிட்டேன், மச்சான்," என்றார் மைத்துனர். "அக்காதான் கூப்பிட்டா, வெளிய வாடா, பிடிச்சுட்டாங்கன்னு."

கைக்காரர் திரைக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். கை மேலே போய் இருட்டில் கரைந்தது. நட்சத்திரங்கள் மறுபடி மினுக்கின.

"இன்னொரு தரம் வருமா?"

"ஒரு ஆளுக்கு ஒரு தரம்தான்பா. வேணும்னா நீங்க புதுசா ஆரம்பிச்சு ஓட்டலாம்."

"நான் போயிட்டா அப்ப யாரு பிடிக்கறது?" என்றார்.

அதைக் கேட்டு மனைவி போட்ட கூச்சலுக்கும் சிரிப்புக்கும் திரைச்சீலை தானாக விலகியிருக்கும்.

பொழுது சாய்ந்து மைத்துனர் கிளம்பினார். தெருவில் வேனைப் பின்னால் எடுக்கப் பார்த்தார். பின்னாடி நிஜமாகவே ஒரு டூவீலர் நின்றது. ஜன்னலை நிமிர்ந்து பார்த்துப் பழக்கதோஷத்தில் கத்தினார்: "கைக்காரரே! கொஞ்சம் பாத்துச் சொல்லும்!"

மாடி அறையில் இன்னும் விளக்குப் போடவில்லை. கறுப்புச் சதுரமாக இருந்த அந்த ஜன்னலிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்தது. சட்டை முழங்கை வரை சுருட்டியிருந்தது. மெல்ல, நிதானமாக, வண்டியின் மூக்கை வீட்டுப் பக்கம் திருப்பிவிடுகிற மாதிரி, அது இடதுபுறமாக அசைந்தது.