ஐந்தாவது பிளக்

ஐந்து சிலிண்டர் காருக்கு நாலு சிலிண்டர் கணக்கில் பிளக் ஒயர் மாட்டினேன். வண்டி வேட்டுப் போட்டது. மெக்கானிக் தொழிலில் கை பழகப் பழக மூளை லீவு எடுத்துக்கொள்ளும். ஸ்பானர் பிடித்தவர்களுக்கு இது தெரியும். ஸ்பானர் பிடித்தவனிடம் வண்டியை விட்டுவிட்டு பெஞ்சில் காத்துக் கிடந்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். சுருக்கமாக.

எண்ணிப் பார்த்தது

விழுப்புரத்தில் என் ஷெட். ஒரு திங்கட்கிழமை கோட்டக்குப்பத்திலிருந்து மும்தாஜ் என்கிற பெண்மணி ஒரு பழைய வெளிநாட்டு காரை ஓட்டிக்கொண்டு வந்தார். கார் திக்கித் திக்கி வந்தது. வீட்டுக்காரர் துபாயில் வேலை. அவர் ஆசைப்பட்டு வாங்கிய வண்டி. பதிவு முடியப் போகிறது. வியாழக்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்ட வேண்டும். தேறினால் இன்னும் சில வருஷம் ரோட்டில் ஓடும். தேறாவிட்டால் காயலான் கடை.

பானெட்டைத் திறந்தேன். எண்ணினேன். நம்பாமல் மறுபடி எண்ணினேன். சிலிண்டருக்கு ஒன்றாக, வரிசையாக ஐந்து பிளக். “என்னம்மா இது, கைவிரலாட்டம்?” என்றேன்.

“இதைப் பார்த்துட்டுதாண்ணே பாண்டில ரெண்டு மெக்கானிக் பானெட்டை மூடிட்டாங்க. நீங்களாவது எண்ணி முடிச்சீங்களே!”

நாலும் இல்லை, ஆறும் இல்லை

ஏன் எல்லா வண்டியும் இப்படி இல்லை என்று கேட்டார். எனக்குப் பேச்சு பிடிக்காது. இருந்தாலும் சொன்னேன். நாலு சிலிண்டரை வரிசையாக நிறுத்தினால் ஒரு மூடி, ஒரு கேஸ்கட், வேலை முடிந்தது. அதையே ரெண்டு ரெண்டாகப் பிரித்துச் சாய்த்து வைத்தால் எல்லாமே இரட்டைச் செலவு. படுக்க வைத்தால் பிளக் மாற்றக் கை நுழையாது. நுழைந்தால் வெளியே வராது. ஆறை வரிசையாக வைத்தால் ஆட்டம் இருக்காது, ஆனால் நீளம். இந்தக் காலத்துச் சின்ன மூக்கு காரில் அடங்காது. ஐந்து வைத்தால் இழுவை உண்டு, ஆறைவிடக் குட்டை. ஆனால் ஒற்றைப்படை. எஞ்சினின் மூக்கும் வாலும் மாறி மாறி ஏறி இறங்கும். அதை அடக்க ஒரு ஏற்பாடு, அதற்கொரு செலவு. கம்பெனிக்காரன் எதற்கு வம்பு என்று நாலிலேயே நின்றுவிட்டான்.

மும்தாஜ் யோசித்தார்.

“அப்ப எங்க வீட்டுக்காரர் மாதிரிதான்! நாலு பேரோட சேரவும் மாட்டாரு, தனியா விடவும் முடியாது.”

திண்டிவனத்தில் கிடைத்தது

பிளக்கும் ஒயரும் செத்துப்போயிருந்தன. விழுப்புரத்தில் கடை கடையாகக் கேட்டேன். ஐந்து என்றதும் சிரித்தார்கள். செவ்வாய்க்கிழமை பஸ் பிடித்து திண்டிவனம் போனேன். அங்கே பார்ட்ஸ் கடை குமார் எனக்குப் பழக்கம். அவனிடம் அந்த அளவில் பிளக் இருந்தது. ஆனால் நாலு நாலாகக் கட்டிய பாக்கெட். பிரித்துத் தர மாட்டானாம். ஒயர் செட்டும் அப்படியே. உலகமே நாலில் நிற்கிறது. ஐந்தாவதற்காக இன்னொரு பாக்கெட், இன்னொரு செட். மீதி பிளக்கை என்னடா செய்வது என்று கத்தினேன்.

“மூணு மிஞ்சுதா? எவனாவது மூணு சிலிண்டர் வண்டி எடுத்துக்கினு வருவான், அவன் தலையில கட்டுங்க. நான் அப்படித்தான் உங்க தலையில கட்டறேன்.”

வேட்டு

புதன்கிழமை மதியம். பழைய ஒயர் ஐந்தையும் ஒரே இழுப்பில் பிடுங்கி மூலையில் எறிந்தேன். அடையாளம் வைக்கவில்லை. அடையாளம் வைப்பது நேற்று தொழிலுக்கு வந்தவன் செய்கிற வேலை என்பது என் கொள்கை. எந்த சிலிண்டருக்கு அடுத்து எது பற்ற வேண்டும் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. நாலு சிலிண்டருக்கு ஒன்று, மூன்று, நாலு, இரண்டு. தூக்கத்திலும் சொல்வேன். கையும் அப்படியே மாட்டிவிட்டது. ஒரு ஒயர் மிஞ்சியது. கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற மூடியில் ஒரு ஓட்டையும் மிஞ்சியது. சரியாகத்தானே இருக்கிறது என்று அதில் செருகிவிட்டு சாவியைத் திருப்பினேன்.

சைலன்சர் வெடித்த வெடியில் எதிர் டீக்கடையில் ஒரு கிளாஸ் உடைந்தது. மாற்றி மாட்டினேன். இன்னொரு வெடி. இப்படியே நாலு மணி வரை. மும்தாஜ் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. விடிந்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸ். பக்கத்து ஷெட்டில் தகரம் தட்டுகிற ஆரோக்கியம் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தான்.

“யோவ், தேர் நிலைக்கு வந்துடுச்சா? வேட்டு மேல வேட்டு வுட்டுக்கினு கீற?”

போட்டோ

தோற்றுவிட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மும்தாஜ் முந்திக்கொண்டார். “அண்ணே, நீங்க கழட்டறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு பார்க்கணுமா?” என்று போனை நீட்டினார். எஞ்சின் படம். இரண்டு விரலால் பெரிதாக்கி, ஒவ்வொரு ஒயரும் எங்கே கிளம்பி எங்கே போகிறது என்று விரல் வைத்து வாசித்தார். ஒன்று, இரண்டு, நாலு, ஐந்து, மூன்று. அவர் வாசிக்க வாசிக்க நான் மாட்டினேன். சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. நாலிலும் சேராத, ஆறிலும் சேராத ஒரு உறுமல். நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் வண்டி தேறிவிட்டது. திரும்பும் வழியில் ஷெட்டில் நிறுத்தி பிரியாணிப் பொட்டலம் ஒன்று கொடுத்தார். அந்தப் படத்தை எதுக்கும்மா எடுத்தே என்று கேட்டேன்.

“தப்பா நினைக்காதீங்கண்ணே. நான் அந்தாண்ட போனதும் நல்ல பேட்டரியை உருவிட்டு பழசை வெச்சிடுவீங்களோன்னுதான்.”

நாற்பது வருஷ அனுபவம் என்று போர்டு மாட்டியிருப்பவன் நான், ஆனால் ஊரில் எவனும் தொடாத அந்த ஐந்து சிலிண்டர் வண்டியைச் சரிசெய்தது, என்னைத் திருடன் என்று சந்தேகப்பட்ட கோட்டக்குப்பம் மும்தாஜ்.