பத்துபஸ்திப் பெண்ணின் ராமநாதபுரத்து ஓட்டு

எங்கள் கல்லூரியில் வாக்காளர் விழிப்புணர்வு மன்றம் என் தலையில் விழுந்ததற்கு என் வாய்தான் காரணம். நான் வேதியியல் நடத்துகிறவள். ஆசிரியர் கூட்டத்தில், "போன தேர்தலுக்கும் கோலம் போட்டோம், பலூன் விட்டோம். எத்தனை பிள்ளைகள் பெயர் சேர்த்தார்கள் என்று யாராவது பார்த்தோமா?" என்று கேட்டுவிட்டேன். முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, அப்படியானால் இந்த முறை நீங்களே பாருங்கள் மேடம் என்று இந்தியில் சொல்லிவிட்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

பார்க்க ஆரம்பித்ததும் எரிச்சலும் ஆரம்பித்தது. வந்த சுற்றறிக்கைகள் எல்லாம் போட்டோ கேட்டன. உறுதிமொழி எடுக்கும் போட்டோ, மனிதச் சங்கிலி போட்டோ, ரங்கோலி போட்டோ. கல்லூரி முற்றத்தில் எங்கள் தீவுகளின் வரைபடத்தையே ரங்கோலியாகப் போட்டார்கள். வடக்கில் திக்லிபூரில் தொடங்கி அழகாக இறங்கி வந்தார்கள். கார் நிக்கோபாரை எட்டுவதற்குள் கலர்ப்பொடி தீர்ந்துவிட்டது. அப்படியே போட்டோ எடுத்துவிட்டார்கள். விடுதியில் நிக்கோபார் பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று நான் சாக்பீஸை எடுத்துக் குனிந்து மீதித் தீவுகளை வரைந்தேன். அதற்குள் போட்டோ எடுப்பவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

எங்கள் தமிழ்ப் பிள்ளைகளோ இன்னொரு ரகம். கேன்டீனில் உட்கார்ந்துகொண்டு சென்னை அரசியலுக்காகச் சண்டை போடுவார்கள். எந்தக் கட்சி எவரோடு கூட்டணி, யாருக்கு எந்தத் தொகுதி, எல்லாம் விரல் நுனியில் இருக்கும். "சரி, நம்ம தீவுக்குச் சட்டசபை இருக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். பாதிப் பேர் இருக்கிறது என்றார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இந்தத் தீவுகள் அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு எம்.பி., சட்டசபை கிடையாது, அதனால்தான் அந்த ஓட்டை யோசித்துப் போடவேண்டும் என்று தொண்டை வறளக் கத்தினேன். வேட்பாளரிடம் கேட்க ஆளுக்கொரு கேள்வி எழுதிவரச் சொன்னேன். பெரும்பாலும் வேலைவாய்ப்பு, ஊழல் என்று வழக்கமான கேள்விகள்தான் வந்தன.

ஒரு பெண் மட்டும், "குழாயில் தண்ணீர் எந்த நாள், எந்த நேரம் வரும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டியது யார் பொறுப்பு?" என்று எழுதியிருந்தாள். இரண்டாம் ஆண்டு மாணவி. அவளுடைய அப்பா பத்துபஸ்தியில் மளிகைக்கடை வைத்திருக்கிறார். அம்மாவுக்கு முதுகுவலி. சில நாட்களுக்கு ஒருமுறை வரும் தண்ணீரைப் பிடித்து டிரம்மையும் கேன்களையும் நிரப்புவது இவள்தான். தண்ணீர் வரும் நாளில் என் வகுப்புக்கு வரமாட்டாள். வருகைப் பதிவு குறைந்து, பரீட்சை எழுத விடுவார்களா மாட்டார்களா என்ற நிலையில் இருந்தாள். அவளுக்கு ஓட்டு என்பது மேடைப்பேச்சு இல்லை. தன் படிப்புக்காக அவள் கேட்கக்கூடிய ஒரே கேள்வி அது.

எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துப்போனது. மன்றத்தின் போஸ்டருக்கு அவளையே நிறுத்தினோம். உண்மையான ஓட்டு மைக்கு எங்கே போவது? ஒரு ஆசிரியர் மார்க்கர் பேனாவால் அவள் விரலில் நீலக்கோடு இழுத்தார். "முதல் வாக்கு, என் வாக்கு" என்று போட்டு ஊரெல்லாம் ஒட்டினார்கள். அவள் அப்பா கடைக்கு எதிர்ச்சுவரிலும் ஒன்று.

பெயர் சேர்க்கும் முகாம் அதற்குப் பிறகுதான் நடந்தது. முகாமுக்கு வந்த அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, இந்தப் பெண்ணின் பெயர் ஏற்கெனவே தமிழ்நாட்டில், ராமநாதபுரம் பக்கம் இருக்கிறது என்றார். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"போன லீவுல கல்யாணத்துக்கு ஊருக்குப் போனப்ப சாச்சா ஒரு பாரத்துல கையெழுத்து வாங்கினாரு மேடம். ரேஷன் கார்டுக்குன்னு நினைச்சேன்."

பிறந்ததிலிருந்து அவள் அந்த ஊரைப் பார்த்ததே இரண்டு மூன்று தடவைதான். பெயரை இங்கே மாற்றிக்கொள்ளலாம், இங்கே குடியிருப்பதற்கு ஒரு சான்று போதும் என்றார் அதிகாரி. வீட்டு கரண்டு பில் அப்பா பெயரில் இருந்தது. "அத்தா தரமாட்டாரு மேடம், நீங்க கேட்டுப் பாருங்க" என்றாள்.

நான் பத்துபஸ்திக்குப் பக்கத்தில் லம்பா லைனில் குடியிருக்கிறேன். அந்தக் கடையில் சாமான் வாங்குவது வழக்கம்தான். அன்று சாயங்காலமே போய் நின்றேன். அவர் ஸ்டூல் எடுத்துப் போட்டு, பக்கத்துக் கடையில் டீ சொன்னார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

"என் தம்பி ஊர்ல பஞ்சாயத்துத் தலைவருக்கு நிக்கப் போறான் டீச்சர். எங்க வீட்டு ஓட்டு நாலும் அங்கதான் இருக்கணும்."

"அந்த நாலு ஓட்டையும் போட எத்தனை தடவை போயிருக்கீங்க?"

சிரித்தார். "எங்க போறது? ஷிப்புல டிக்கெட் கிடைக்காது. ஃப்ளைட்டு ரேட்டு உங்களுக்குத் தெரியாதா?"

"போடவே போகாத ஓட்டு எதுக்குங்க அங்க?"

"பேரு இருக்கணும் டீச்சர். பேரை எடுத்துட்டா, நாளைக்கு மெயின்லேண்ட் போய் நின்னா வெளியாளுன்னு சொல்லிருவாங்க. இங்க என்ன இருக்கு? ஒரே எம்.பி. கோயி பி ஆயே, எவன் வந்தா நமக்கென்ன?"

"குடியிருக்கிற இடத்துலதான் ஓட்டு இருக்கணும்கிறது சட்டம்."

"குடியிருக்கிறது இங்க. ஊரு அங்க."

அவரை மட்டும் சொல்லிப் புண்ணியமில்லை. எங்கள் குடியிருப்பிலேயே அரசு வேலையில் சேர்ந்து, வீடு கட்டி, பேரன் பேத்தி எடுத்தவர்கள் இன்னும் மதுரையிலும் தஞ்சாவூரிலும் ஓட்டை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கான்ட்ராக்டர்களும் அப்படித்தான். காய்கறி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குழாய்த் தண்ணீர் எல்லாம் இங்கே. ஓட்டு மட்டும் கடலுக்கு அந்தப் பக்கம். பிறகு, இந்தத் தீவில் நம்மை யாரும் மதிப்பதில்லை என்று ஒரு புலம்பல். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

மகள் பின்னால் பருப்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். பதினெட்டு முடிந்தவள், ஓட்டு அவளுடையது. ஆனால் பில் அப்பாவின் அலமாரியில் இருந்தது. டீயைக் குடித்துவிட்டு வந்தேன். பெயர் மாற்றுவதற்கான கடைசி நாளும் போயிற்று.

அந்தத் தேர்தல் இங்கும் தமிழ்நாட்டிலும் ஒரே நாளில் வந்தது. அவர்கள் வீட்டு நாலு ஓட்டும் ராமநாதபுரத்தில் கிடக்க, நாலு பேரும் பத்துபஸ்தியில் கிடந்தார்கள். நான் ஓட்டுப் போட்டுவிட்டு வரும்போது அவள் தெருக்குழாயருகே கேன்களோடு நின்றிருந்தாள். "காட்டுங்க மேடம்" என்று என் விரலைப் பிடித்துப் பார்த்தாள். "மார்க்கர் மாதிரி இல்ல, கருப்பா இருக்கு" என்றாள். கல்லூரிக்கோ சிறந்த விழிப்புணர்வுப் பணிக்கென்று ஒரு கேடயம் வந்தது. முதல்வர் என்னை மேடைக்குக் கூப்பிட்டார். தலைவலி என்று போகவில்லை.

அந்தக் கோடையில் தண்ணீர் இன்னும் மோசமானது. ஒருநாள் கடைக்குப் போனபோது அவளுடைய அப்பா என்னையே எதிர்பார்த்திருந்ததுபோல வெள்ளைத்தாளை நீட்டினார். தெருக்காரர்கள் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள்.

"எம்.பி.க்கு ஒரு மனு எழுதித் தாங்க டீச்சர். தண்ணியில்லாம சாகுறோம். பிள்ளைக்குப் பரீட்சை எழுத விடமாட்டேங்கிறாங்க. நம்ம எம்.பி. கேக்காம வேற யாரு கேப்பாங்க?"

உள்ளே போய் ஒரு காகிதம் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். கரண்டு பில்லின் நகல்.

"இதையும் பின் பண்ணிருங்க. இங்கதான் குடியிருக்கோம்னு ஆதாரம் வேணும்ல."

தராசுக்குப் பின்னாலிருந்து மகள் பேசினாள். சத்தமே போடவில்லை.

"நம்ம எம்.பி. ராம்நாட்ல இருக்காரு அத்தா. அந்த அட்ரஸைச் சொல்லுங்க, மேடம் எழுதிருவாங்க."

நின்றிருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அவர்களில் பாதிப் பேரின் ஓட்டும் கடலுக்கு அந்தப் பக்கம்தான். அவர் மகளைப் பார்த்தார், பிறகு பில்லைப் பார்த்தார். பரீட்சைக்கு அவளை விடலாமா என்று முடிவு செய்யும் வருகைப் பதிவு கல்லூரியிலிருந்து அடுத்த வாரம் பல்கலைக்கழகத்துக்குப் போகவிருந்தது. நான் பேனாவைத் திறந்து, அனுப்புநர் என்று எழுதி, அதன் கீழே பத்துபஸ்தி என்று எழுதினேன்.