சலீம் பாய் கழற்றி வைத்த நாலு ஸ்பிரிங்

விக்கிரவாண்டியைத் தாண்டியதும் போன் அடித்தது. திண்டிவனம் ஒர்க்‌ஷாப்பிலிருந்து மணி. "அண்ணே, ஓட்டிக்கினு இருக்கீங்களா? முதல்ல ஓரம் கட்டுங்க" என்றார். என் மகளுக்கு ஒன்பதாம் மாதம். யார் போன் செய்தாலும் அவளுக்குத்தான் ஏதோ என்று நினைப்பேன். ஓரம் கட்டினேன். "பாய் போயிட்டாருண்ணே. விடியக்காலைல நெஞ்சுவலி. ஜும்மா தொழுகை முடிஞ்சதும் கோட்டக்குப்பத்துல அடக்கம்."

நான் கிளம்பியதே சலீம் பாயைப் பார்க்கத்தான். அவரிடம் சொன்ன ஒரு பொய்யை ஒப்புக்கொள்ளப் போய்க்கொண்டிருந்தேன். மூன்று மாதமாகத் தள்ளிப் போட்டுவிட்டு அன்றைக்குத்தான் துணிந்தேன்.

பாயிடம் ஸ்பிரிங்கை மாற்றிக் காரின் உயரத்தை இறக்கிக்கொண்ட எல்லோருக்கும் அவர் பழக்கம் தெரியும். தனியாக வருகிறவனின் வண்டியில் கை வைக்க மாட்டார். "யார் யார் ஏறுவாங்களோ கூட்டிக்கினு வா. சீட்டு ரொம்பட்டும், அப்புறம் பேசலாம்" என்பார். மாமியாரோடு வந்து உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லோரும் ஏறியதும் தையல் டேப்பை எடுத்து, டயருக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியை அளப்பார். ஷார்ஜாவில் பல வருடம் இந்த வேலையே பார்த்தவர்.

நான் எட்டாவது தாண்டாதவன், விழுப்புரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரி, வயது ஐம்பது. எனக்கு எதற்குத் தாழ்ந்த கார் என்று நீங்கள் கேட்கலாம். பாயும் அதைத்தான் கேட்டார். "இன்னாண்ணே, பொண்ணு மாசமா இருக்குது, உனக்கு மாப்பிள்ளை வண்டியா?"

"தாத்தா ஆவறதுக்குள்ள ஒரு தபா ஓட்டிப் பாக்குறேன் பாய். ஏன், ஷார்ஜாவுல ஒட்டகத்துக்குத்தான் ஸ்பிரிங் மாத்தினீங்களா?"

"ஆமாண்ணே. எத்தன பேரு ஏறுவாங்கன்னு அது பொய் சொல்லாது."

அப்போது சிரித்துவிட்டேன். பிறகு யோசிக்கும்போதுதான் உறுத்தியது. ஏனென்றால், சம்சாரத்தை மட்டும் கூட்டிப் போய், "நானும் சம்சாரமும் மட்டும்தான்" என்று அவரிடம் அப்போதுதான் சொல்லியிருந்தேன். உண்மையில் ஐந்து பேர் ஏறுவோம். டிக்கியில் ஒரு மூட்டை மல்லாட்டையும் இருக்கும். அதைச் சொன்னால் இறக்கவே மாட்டேன் என்பாரோ என்று பயம்.

ஸ்பிரிங் மட்டும் மாற்றுவதா, காயில்ஓவர் போடுவதா என்று அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினோம். காயில்ஓவரில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சர்பரும் ஒரே கட்டாக வரும். மரையைத் திருகி உயரத்தை ஏற்றலாம், இறக்கலாம். எனக்கு அதில்தான் ஆசை. பாய் மறுத்தார். "மரையில செம்மண்ணும் மழைத் தண்ணியும் ஏறினா இறுகிப்பூடும். அப்பப்ப கழட்டிக் கழுவணும். நீ கண்ணாடியக்கூட தொடைக்க மாட்ட. உனக்கு ஸ்பிரிங் போதும். ஆனா அது ஒரே உயரம்தான், அப்புறம் ஏத்த முடியாது. ஆளு கணக்கு தப்பா இருந்தா டயரு பேசும்."

பேசியது. முதல் மாதமே, ஐந்து பேரோடு ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது டயர் உள்ளே உரசி 'கர்ர்' என்றது. மனைவி நிமிர்ந்து பார்த்தாள். ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். அதற்கப்புறம் வேகத்தடையைக் கண்டாலே எனக்கு வேர்க்கும். வளைகாப்பு முடிந்து திருவெண்ணெய்நல்லூர் சம்பந்தி வீட்டிலிருந்து மகளை இதே வண்டியில்தான் அழைத்து வர வேண்டும். பாதி வழியில் டயர் கிழிந்தால்? குலுக்கலில் அவளுக்கு வலி எடுத்தால்? ராத்திரியெல்லாம் காதில் அந்த 'கர்ர்' தான்.

பாய் இறந்த அன்றைக்கு அப்படியே கோட்டக்குப்பம் போனேன். தனியாகப் போனதால் டயர் ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. பாயின் முகம் பார்த்தேன். சொல்ல வந்ததை அங்கே எப்படிச் சொல்வது?

வளைகாப்புக்கு இரண்டு நாள் இருந்தபோது மணி கடை திறந்தார். காரைக் கொண்டுபோய் நிறுத்தி, "ஸ்பிரிங்க மாத்தணும் மணி. வந்து..." என்று இழுத்தேன். மணி தலையாட்டினார். உள்ளே போய் ஒரு சாக்கைத் தூக்கி வந்தார். என் காரின் பழைய ஸ்பிரிங் நாலும் எண்ணெய் தடவி இருந்தன. நான் அவற்றை எடைக்குப் போட்டுவிடச் சொல்லியிருந்தேன். கம்பியில் ஒரு அட்டை கட்டியிருந்தது. பாயின் கோணல் எழுத்து:

"விழுப்புரம் அண்ணன். அஞ்சு பேர், ஒரு மூட்டை. வந்தால் மாட்டிக் கொடு. கேலி பண்ணாதே."

பின்சீட்டு நைந்திருந்ததையும் டிக்கியில் சிந்திக் கிடந்த மல்லாட்டையையும் பார்த்தே பாய் அன்றைக்குக் கணக்குப் போட்டிருக்க வேண்டும். மணியும் கேலி பண்ணவில்லை. ஊரையே கிண்டல் செய்கிற என்னை அவர் ஒரு வார்த்தை கேலி செய்திருந்தால் சமாளித்திருப்பேன். பேசாமல் ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு போனதுதான் தாங்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன்.

மகளை அழைத்து வந்தோம். ஐந்து பேர், சீர் வரிசைத் தட்டுகள். முதல் வேகத்தடையில் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சத்தமில்லை. அடுத்ததிலும் இல்லை.

"இன்னாப்பா, வாயே தொறக்காம வர்ற?" என்றாள் மகள்.

"காது குடுத்துக்கினு வர்றேம்மா."

என் கார் மறுபடியும் எல்லோர் காரையும் போல உயரமாக நிற்கிறது. பாயின் அட்டை டேஷ்போர்டில், ஆர்.சி. புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும், வண்டியை எடுக்கும் முன் திரும்பிப் பார்த்துத் தலைகளை எண்ணும் பழக்கமும்தான்.