நானா மாற்றிச் சொல்லவில்லை

மஃரூப் நானா மௌத்தாகிவிட்டார் என்ற செய்தி பாடசாலை இடைவேளையில் வந்தது. என்னோடு படிப்பிக்கும் டீச்சர் ஒருவர் போனைப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்கு எதிர்ல பேசின், ஃபிளாஸ்க் எல்லாம் விப்பாரே, அந்த நானா போயிட்டாராம்" என்றார். எல்லோரும் "ஐயோ" என்றார்கள். நானும் சொன்னேன். ஆனால் அதற்கு முன் என் மனதில் வந்தது வேறு. 'அப்பாடா, இனி யாரும் என்னைக் கேட்க மாட்டார்கள்.' இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் இன்னும் கேவலம்.

நானாவை அறிந்தவர்களுக்கு அவர் பழக்கம் தெரியும். தோட்டத்துத் தாய் ஒருத்தி பிள்ளையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி அவர் கடை முன்னால் விழித்துக்கொண்டு நின்றால் போதும். "டொக்டருக்குத் தமிழ் தெரியாது, நில்லுங்க வாறேன்" என்று கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் விட்டுவிட்டுக் கூடவே வருவார். ஒரு பிளேன்டீகூட வாங்கிக் குடிக்க மாட்டார். உள்ளே போகும் முன் எல்லோரிடமும் ஒன்றைத்தான் சொல்வார்: "நீங்க என்ன சொல்றீங்களோ அதத்தான் நான் சிங்களத்துல சொல்லுவேன். கூட்டவும் மாட்டேன், கொறைக்கவும் மாட்டேன்."

என் மகள் தர்ஷிக்கு ஐந்து வயது. வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குவாள், குறட்டையோடு. சில நேரம் குறட்டை சட்டென்று நிற்கும், மூச்சும் நிற்கும். பிறகு உடம்பெல்லாம் திமிற, காற்றை இழுப்பாள். தோட்டத்து லய வரிசையில் அடுத்த வீட்டுக் காம்பராவுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே சுவர். "டீச்சர் வீட்டுல விடிய விடிய லொறி மேடு ஏறுது" என்று பீலியில் தண்ணீர் பிடிக்கும் பெண்கள் சிரிப்பார்கள். பெண்பிள்ளைக்கு இப்படி ஒரு பேரா என்று எனக்கு மானம் போகும்.

என் சிங்களம் பஸ்ஸுக்கும் கடைக்கும்தான் போதும். அதனால் கிளினிக்குக்கு நானாவையே கூட்டிப் போனேன். வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தபோது தர்ஷி அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எங்கள் முறை வந்ததும் டொக்டர் டோர்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். நானா திருப்பிச் சொன்னார்: "டொன்சில் ரெண்டும் பெருசாத்தான் இருக்காம். பெருசா இருக்குங்கிறதுக்காக மட்டும் வெட்ட வேண்டியதில்லையாம், வளர வளரச் சின்னதாகுமாம். ஆனா தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வந்தா அது வேற கதையாம். அப்புடி இருக்கான்னு கேக்குறாரு."

வெட்டுவது என்றதுமே தர்ஷியை இழுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். பீலிச் சிரிப்பும் காதில் கேட்டது. "இல்ல நானா, நல்லாத் தூங்குவா" என்றேன். அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு டொக்டரிடம் திரும்பி, "நே" என்றார். என் 'இல்லை' அவ்வளவு சுருக்கமாகச் சிங்களமாகிவிட்டது. ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள்.

வெளியே வந்தும் அவர் கடைக்குப் போகவில்லை. "டீச்சர், புள்ள என் தோள்ல தூங்குறப்ப மூச்சு நின்னுச்சு. எனக்குக் கேட்டுச்சு" என்றார்.

"அப்ப நீங்க சொல்லியிருக்கலாமே?" என்று சீறினேன், தப்பு அவருடையது போல.

"தாய் சொன்னத நான் மாத்துனா, நாளைக்கு எந்தத் தாய் என்ன நம்புவா? ஆனா பொய் என் வாயால வந்துருச்சே டீச்சர். இன்னொரு நாள் போயி சரியாச் சொல்லிருவோம்."

அதற்குப் பிறகு என்னைக் காணும்போதெல்லாம், "எப்ப போறோம் டீச்சர்?" என்பார். மற்றவர்கள் முன்னால் கேட்டதே இல்லை. நான் எதிர்ப்பக்கமாக, முகம் தெரியாதபடி குடையைச் சாய்த்துக்கொண்டு நடக்கப் பழகினேன்.

அவர் இறந்த சில நாளில், ஒரு ஞாயிறு மதியம் தர்ஷி என் மடியில் தூங்கினாள். மூச்சு நின்றது. இந்த முறை உதடு நிறம் மாறும்வரை வரவில்லை. அடித்துப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். தமிழ் தெரிந்த நர்ஸ் மிஸ்ஸி ஒருவர் இருந்தார். "போன தடவ தூக்கத்துல பிரச்சின இல்லன்னு எழுதியிருக்கே?" என்றவர், நான் வாயைத் திறக்கும் முன்னே, "அந்த நானா மாத்திச் சொல்லிருப்பாரு போல" என்றார்.

நான் தலையாட்டினேன். இறந்தவர் வந்து மறுக்கப் போவதில்லை அல்லவா.

டொன்சிலை எடுத்தார்கள். இப்போது தர்ஷி சத்தமில்லாமல் தூங்குகிறாள். ஆனால் துண்டு வெட்டி எங்களை வீட்டுக்கு அனுப்பிய அன்று, வரிசையில் நின்ற பூனாகலைத் தோட்டத்துத் தாய் ஒருத்தியிடம் அதே மிஸ்ஸி சொல்லிக்கொண்டிருந்தார்: "கண்டவங்களப் பேசக் கூட்டிட்டு வராதீங்கம்மா. ஒரு நானா மாத்திச் சொல்லி ஒரு புள்ளைக்கு ஆப்பரேசன் பிந்திப் போச்சு." அந்தப் பிள்ளை என் இடுப்பில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

போன வாரம் நானாவின் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி இத்தாவில், துக்க நாள் முடியும்வரை வெளியே வராமல் வீட்டோடு இருக்கிறார். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஒரு தாய்ட பொய்யச் சொமந்துக்கிட்டு வந்துட்டேன்டு வந்து சொன்னாரு. ரெண்டு நாள் சரியாச் சாப்பிடல்ல. யாருன்டு மட்டும் கடைசி வரைக்கும் சொல்லல்ல" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அழுவதற்கும் அங்கே எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. டொக்டரிடம் நேராகச் சொல்ல வேண்டும், சிங்களத்தில் எப்படிச் சொல்வது என்று கேட்டேன். அவர், "நானா கிவ்வே ஹரி. பொரு கிவ்வே மம" என்றார். நானா சொன்னது சரி, பொய் சொன்னது நான்.

திருப்பிச் சொன்னேன். கடைசிச் சொல்லில் குரல் இறங்கிவிட்டது.

"அந்த 'மம'வ முழுங்காதீங்க மகள்" என்றார். "இன்னொருக்காச் சொல்லுங்க."

புதன்கிழமை தர்ஷிக்குக் கிளினிக். டொக்டர், மிஸ்ஸி, வரிசையில் நிற்கும் தாய்மார் எல்லோரும் கேட்கச் சொல்லப் போகிறேன். நானாவின் வீட்டிலிருந்து நான் கொண்டுவந்தது அந்தச் சிங்கள வாக்கியம்தான். அதைக் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.