மாமன் கொண்டுவந்த பஞ்சு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தயங்கினேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எழுதப் போவதும் ஊரே சிரித்த விஷயம். ஆனால் சொந்தக்காரர்கள் வாயில் அது வளர்ந்துகொண்டே போய், என் மகளுக்கு ஆகாய விமானத்தில் வைத்தே காது குத்தியதாக ஒரு கல்யாண வீட்டில் பேசிக்கொண்டார்கள். பூஜை அலமாரியில் ஒரு தீப்பெட்டிக்குள் நான் பத்திரமாக வைத்திருக்கும் துளிப் பஞ்சை எடுத்துப் பார்த்தேன். இனிப் பொறுக்கக் கூடாது என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எழுபதுகளின் கடைசி. மெட்ராஸில் தீப்பெட்டி மொத்தக் கடையில் வேலை பார்த்த என் அண்ணன்தான் எனக்கு ஒரே உடன்பிறப்பு. எங்களில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். என் மகளின் காதுகுத்துக்கு முந்தின நாளே கோவில்பட்டிக்கு பஸ் ஏறியிருக்க வேண்டியவரைக் கடைக்கு வந்த சரக்கு பிடித்துக்கொண்டது. சாயங்காலம் என் வீட்டுக்காரரின் தீப்பெட்டி ஆபீசுக்கு டிரங்க்கால் வந்தது. "மொதலாளி பிளேன் டிக்கெட் எடுத்துத் தந்துட்டாரு. காலையில ஏறுனா ஒரு மணி நேரத்துல வந்திருவேன்!" என்றதோடு லைன் அறுந்துவிட்டது.

ராத்திரி முழுக்க பஸ்ஸில் முதுகு ஒடிய வருகிற தூரம் ஒரு மணி நேரமா என்று வீடே வாயைப் பிளந்தது. யாருக்கும் அதற்குமேல் யோசனை ஓடவில்லை. சாமி விளக்கை ஏற்றிவிட்டு வந்த மாமியார்தான் மகனைக் கேட்டார்: "ஏலே, வானத்துல வாரவன் நம்ம வாசல்லயா எறங்குவான்? மதுரையில எறங்கி ரோட்டுலதானலே வரணும்?"

மதுரையிலிருந்து கோவில்பட்டிக்கு அன்றைய ரோட்டில் இரண்டரை மணி நேரம். நல்ல நேரம் முடிகையில் அண்ணன் சாத்தூர் பக்கம்தான் வந்துகொண்டிருப்பார். எனக்கு அழுகை முட்டியது. இன்னொருவர் மடியில் பிள்ளையை வைத்துவிட்டு அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்?

"ஏட்டி, எதுக்கு அழுவுத? அந்தத் தம்பியால வர முடியாட்டா நாம எதுத்தாப்புல போய்ப் பாப்போம். சாத்தூர்ல பிள்ளையார் இல்லாமலா போயிருவாரு?" என்றார் மாமியார்.

விடிந்ததும் பிள்ளை, ஆசாரி, பொங்கல் பானை எல்லாரும் எல்லாமும் ஆபீஸ் லாரியில் ஏறினோம். சாத்தூரில் ரோட்டோரப் பிள்ளையார் முன்னால் இறங்கி, மதுரையிலிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸையும் என் வீட்டுக்காரர் துண்டை வீசி நிறுத்தி, மெட்ராஸ்காரர் யாரும் இருக்கிறாரா என்று விசாரித்தார். "என்ன அண்ணாச்சி, கோயில் கொடை வசூலா?" என்று பஸ்ஸில் இருந்தவர்கள் கேலி பேசினார்கள். ஒரு பஸ்ஸைப் பார்த்து "அண்ணே! அண்ணே!" என்று கத்தினேன். பதில் இல்லை. பஸ் நகர்ந்தேவிட்டது. அப்புறம் கண்டக்டருக்கு என்ன தோன்றியதோ, விசில் ஊதி நிறுத்தினார். "மெட்ராஸ்காரரா? காதுல பஞ்ச அடச்சுக்கிட்டு ஒருத்தர் இருக்காரு. டிக்கெட்டுக்கே தோளத் தட்டித்தான் கேட்டேன்."

அண்ணனேதான்! விமானத்தில் ஒரு அம்மா தட்டில் மிட்டாயும், காதுக்கு வைக்கப் பஞ்சும் நீட்டியிருக்கிறார். வீடு போய்ச் சேரும்வரை எடுக்கக் கூடாதென்று இவர் நினைத்துக்கொண்டார்.

"பருத்தி வெளையுற கரிசக்காட்டுக்கே பஞ்சு கொண்டாந்திருக்கியாக்கும்!" என்றார் மாமியார்.

"என்னது அத்தே?" என்றார் அண்ணன், பஞ்சை எடுக்காமலே. பஸ்ஸே சிரித்தது.

வேப்பமரத்தடியில் அவர் மடியில் பிள்ளையை வைத்து, நல்ல நேரம் நழுவுவதற்குள் ஆசாரி இரண்டு காதையும் குத்திவிட்டார். சொட்டு ரத்தத்தை ஒற்றியெடுக்க, காதில் வைத்தது போக மிச்சம் வைத்திருந்த பஞ்சைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தந்தார் அண்ணன். கடவுள் எதையும் காரணமில்லாமல் கொடுத்தனுப்புவதில்லை.

அந்த மகள் இன்று சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு விமானத்தில் வந்து, காரில் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு சேர்ந்துவிடுகிறாள். இப்போதெல்லாம் பஞ்சு தருவதில்லையாம். அண்ணனுக்கோ நிஜமாகவே காது மந்தம். ஆனாலும் அவள் போனில் "ஒரு மணி நேரத்துல வந்திருவேன் மாமா" என்றால் அது மட்டும் கேட்டுவிடும். "ரோட்டயும் கணக்குல சேத்தியா தாயி?" என்பார்.

தீப்பெட்டியை மூடி அலமாரியில் வைத்துவிட்டேன். இதைப் படித்தவர்கள் நாலு பேரிடம் தாராளமாகச் சொல்லுங்கள். கூட்டிக் குறைத்து மட்டும் சொல்லாதீர்கள். காது குத்தியது சாத்தூர் ரோட்டோரத்தில். விமானத்தில் வந்தது மாமனும் பஞ்சும்தான்.