சேத்து டீச்சர் மகளுக்குக் கிடைக்காத இடம்

பயிற்சிப் பண்ணையில் அவளுக்குச் சேத்து டீச்சர் என்று பெயர். பிள்ளைகள் வைத்ததுதான். முழங்கால்வரை சேறு இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை.

சனி, ஞாயிறுகளில் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் அங்கே வருவார்கள். செடிக்கு ஒட்டுக்கட்டுவது, ஆட்டின் குளம்பைச் சீவுவது, ஓடையோரம் நடந்து தண்ணீர் எங்கே மண்ணை அரிக்கிறது என்று பார்ப்பது, எல்லாமே கையால் செய்துதான் கற்கவேண்டும். டிரெய்லர் மாட்டிய டிராக்டரைப் பின்னால் எடுக்கும் பாடத்தன்று பண்ணையே சிரித்துக் கிடக்கும்.

"வேலிய ஏன்டா மொறைக்குற? அது பாட்டுக்குத்தானே நிக்குது. டிரெய்லரப் பாரு!" என்று கத்துவாள்.

அவளுக்கு ஒரே மகள். பன்னிரண்டு வயதில் வந்து கேட்டாள்.

"அம்மா, என்னையும் சேத்துக்கோம்மா."

"இருக்கிற இடமே கொஞ்சம். அதுல என் பொண்ணுக்கும் ஒண்ணு குடுத்தா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க."

பண்ணையில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கு இடமில்லை என்பது அவளே வைத்த விதி. மறு வருடமும் மகள் கேட்டாள், அதே பதில்தான். அதற்கடுத்த வருடம் ஒரு பையன் பாதியில் நின்றுவிட்டான். இடம் காலி.

"பாப்பாவ வரச் சொல்லுங்க டீச்சர். யாரு என்ன கேக்கப்போறாங்க?" என்றாள் பண்ணைச் சமையல்காரி.

டீச்சர் பக்கத்து ஊருக்கு ஆள் அனுப்பி வேறொரு பிள்ளையைக் கூட்டிவரச் செய்தாள். அன்றைக்கு அவளுக்குத் தன்னை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது. மகள் அதன்பிறகு வாய் திறக்கவில்லை. சனிக்கிழமைகளில் வீட்டைப் பெருக்கி, சமைத்துவைத்து, அம்மாவின் சேற்றுத் துணிகளை வாளியில் ஊறவைத்தாள்.

வருடங்கள் ஓடின. மகள் கணக்குப் படித்து, நகரத்தில் வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகி, மூன்றாவது மாடியில் குடியிருந்தாள். டீச்சர் ஒருமுறை பார்க்கப் போனபோது பால்கனியில் தொட்டிச் செடிகள் மஞ்சளாகித் துவண்டு கிடந்தன. ஒரு தொட்டியைத் தூக்கிப் பார்த்தாள். அடித்துளை அடைத்திருந்தது.

"தண்ணி வடிய வழியே இல்லடி. வேரு அழுகிப்போச்சு."

"அப்படியா? எனக்கு எப்படிம்மா தெரியும்? தண்ணி பத்தலையோன்னு நான் இன்னும் ஊத்திட்டிருந்தேன்."

மகள் குத்திக்காட்டவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். டீச்சருக்குத்தான் சுருக்கென்றது.

"உன்னையும் அப்பவே சேத்திருக்கணும்."

மகள் தொட்டியை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அந்தப் பையன் நின்னுட்டான்ல, அப்ப அத்தைகிட்டச் சொல்லி சேத்துல போட பூட்ஸ் வாங்கி வச்சிருந்தேம்மா. நீ கூப்பிடுவேன்னு நெனச்சேன்."

டீச்சருக்கு அன்றுவரை இது தெரியாது.

"அப்புறம்? பூட்ஸ என்ன பண்ணின?"

"என்ன பண்ண? கால் வளந்துடுச்சு."

ஊர் திரும்பியதும் டீச்சர் அந்த விதியை எடுத்துவிட்டாள். அடுத்த பருவத்தில் சமையல்காரியின் கடைக்குட்டி சேர்ந்தாள். முதல் நாளே நாற்றுத்தட்டு ஒன்றைக் கவிழ்த்துவிட்டு, திட்டு வாங்கி, மண்ணை அள்ளிக்கொண்டிருந்தாள். டீச்சர் மகளுக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னாள்.

"நல்லதும்மா," என்றாள் மகள். "உன் முட்டிவலி எப்படி இருக்கு?"

"பரவால்ல."

ஒரு சனிக்கிழமை பண்ணைக்கு வந்துவிட்டுப் போயேன் என்று கேட்கத்தான் டீச்சர் போனை எடுத்திருந்தாள். சனிக்கிழமையும் அலுவலகம் உண்டென்று மகள் முன்பே சொல்லியிருந்தாள். அது ஞாபகம் வர, டீச்சர் கேட்காமலே போனை வைத்துவிட்டாள்.