பெயர்ப் பலகையில் ஒரு லத்தீன் வரி

அறுபதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் எனக்கு எதிர்வீட்டுக்காரர் அவர். அமெரிக்காவில் படித்துத் திரும்பியவர். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, பாலிஷ் போட்ட பூட்ஸ். தினமும் காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு வருவார். திருநெல்வேலி பஸ் கிளம்பும்வரை அதையே பார்த்துக்கொண்டு நிற்பார், பிறகு வீட்டுக்குத் திரும்பிவிடுவார்.

அவர் வீட்டு வாசல் பலகையில் பெயருக்குப் பின்னால் எம்.ஏ., அதற்கும் பின்னால் 'மாக்னா கும் லாடே' என்று ஆங்கில எழுத்தில் இருக்கும். அவருடைய அப்பா பெயிண்டரை வைத்து எழுதியது. எம்.ஏ.வைவிடப் பெரிய பட்டம் என்று தெருவே நம்பியது, நானும்தான்.

ஒரு சாரல் நாளில் பஸ் ஸ்டாண்டில் கேட்டேவிட்டேன்.

"அண்ணாச்சி, அந்தக் கடைசிப் பட்டத்துக்கு எத்தனை வருசம் படிக்கணும்?"

"அது பட்டமே இல்ல தம்பி. 'மிகுந்த புகழோட தேறினான்'னு லத்தீன்ல ஒரு வரி. ஜெர்மனிக்காரன் வழக்கத்தப் பாத்து அமெரிக்காக்காரனும் சர்டிபிகேட்ல போட ஆரம்பிச்சான். என்கூடப் படிச்சவங்க பல பேருக்கு உண்டு."

"அப்பாட்ட சொல்லலாம்லா?"

"சொன்னேன். பலகைய அழிச்சா ஊரு என்ன பேசும்னு கேக்காவ. திருநெல்வேலி காலேஜ்ல வாத்தியார் வேலைக்குக் கூப்பிட்டாங்க. இம்புட்டுப் பெரிய பட்டத்துக்கு இந்த வேலையான்னு அப்பாவே வேண்டாம்னு எழுதிப் போட்டுட்டாவ."

கண்டக்டர் விசில் ஊதினார். "சார், ஏறுதீயளா?"

அவர் அவசரமாக இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

சாரல் சீசன் முடிந்ததும் அவர் வீட்டு வாசலில் பெயிண்டர் ஏணி சாத்தியிருந்தார். ஒருவழியாக அழிக்கிறார்கள் என்று சந்தோஷத்தோடு கிட்டே போனேன். மழையில் மங்கிய எழுத்துகளுக்குப் புது வர்ணம் ஏறிக்கொண்டிருந்தது. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர்தான்.